ஸ்டேஷன் வீட்டின் இரண்டாவது வாசல்

1

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஒரு சின்ன ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ரத்தத்தைக் கண்டு பயமில்லை. பிணத்தைக் கண்டும் பயமில்லை. மூடிய கதவைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை மதியம் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் தீ அபாய மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர் ரொட்டியைக் கருகவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகை மாடிப்படி முழுக்க ஏறி, மேலே இருக்கிற எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. போயிருக்கக் கூடாது. மாடிப்படிக்கும் கீழ்வீட்டு நடைக்கும் நடுவில் ஒரு கனமான கதவு உண்டு. தீயையும் புகையையும் அரை மணி நேரமாவது தடுத்து நிறுத்துவதற்காகவே செய்த கதவு அது. திறந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். அன்றைக்கு மூடவில்லை, ஏனென்றால் அதன் அடியில் ஒரு குழவிக்கல் இருந்தது.

அது என்னுடைய குழவிக்கல். அம்மியோடு சேர்த்துச் சிவகாசியில் வாங்கி, பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சுற்றி, விமான நிலையத்தில் மூன்று பேருக்கு விளக்கம் சொல்லிக் கொண்டுவந்தது.

எல்லாரும் வெளியே குளிரில் நின்றோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மார்கரெட் என்ற அம்மாள் குழவியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "இது உங்கள் கடவுளா?" என்று கேட்டார். கிண்டலில்லை, உண்மையான மரியாதை. "இல்லை, மசாலா அரைக்கிறது" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கடவுள் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் போல.

"இந்தக் கதவைத் திறந்துவைத்தால் இங்கே இருக்கிற எல்லாரும் செத்துப்போவோம். உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் நர்ஸ் அல்லவா?" என்றார்.

தெரியும். ஆஸ்பத்திரியில் வருடாவருடம் தீ பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். கதவை மூடு, மூடிவிட்டு நகரு என்பதுதான் அதில் முதல் பாடம். ஒவ்வொரு வருடமும் தேறிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் குழவியை எடுத்துக் கதவுக்கு அடியில் வைக்கிறேன். என் மகள் யாழினி, பதினோரு வயது, அங்கே என் பக்கத்தில் நிற்காமல் நாலடி தள்ளிப் போய் நின்றாள். வீட்டுக்குள் வந்ததும் ஆங்கிலத்தில், "அம்மா, ஊரில் மாதிரியே இங்கேயும் ஏன் செய்கிறாய்?" என்று கேட்டாள்.

ஊரில் என்ன மாதிரி என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, நர்ஸிங் சேருவதற்கு முந்தைய கோடையில், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். எங்கள் தெருவில் அது பெரிய விஷயமே இல்லை. அப்பா, அம்மா காலத்தில் காட்டுவேலை; எங்கள் காலத்தில் கம்பெனி வேலை. கம்பெனி என்றால் பொட்டலில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே வாசல்கள். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும், ஊக்கு, கொலுசு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நைலான் சேலை கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வாசலில் எதையும் வைக்கக் கூடாது, வாசலை ஒருநாளும் சாத்தக் கூடாது. கண்காணி வந்தால் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், வாசலைத்தான் பார்ப்பார்.

ஒருநாள் காலை பக்கத்து அறையில் வெடித்தது. நான் எந்த வாசல் வழியாக ஓடினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. வெறுங்காலோடு கருவேலங்காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது, கால் முழுக்க முள். எங்கள் அறையில் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். பக்கத்து அறையில் ஒரு வாசல் பக்கம் இருந்தவர்கள் வந்தார்கள். இன்னொரு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வரவில்லை. அந்த வாசலில் லோடு ஏற்றுவதற்காக அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம், கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அதிலிருந்து எனக்கு இந்த வியாதி. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வாசலைத் தேடுவேன். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காருமுன், சினிமாக் கொட்டகையில், இங்கே தேவாலயத்தில் ஒரு சிநேகிதியின் திருமணத்தில்கூட. என் கணவர் முதலில் சிரித்தார். இப்போது அவரே வாசல் பக்கமாக இடம் பிடித்துவைக்கிறார்.

3

நாங்கள் இங்கே குடியிருக்கிற கட்டடம் ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷன். ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, பல வருடம் புறாக்களுக்கு விட்டுவிட்டு, பிறகு வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் புல் வளர்த்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர்ப் பலகையை மட்டும் வர்ணமடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க வந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குப் போன் பண்ணித் தம்பி முருகேசனிடம், "ஏலே, ஸ்டேஷன்ல குடியேறப் போறேன்" என்றேன்.

அவன், "நானும் அதைத்தான் சொல்ல நெனச்சேங்கா" என்றான்.

எங்கள் ஊர் ஸ்டேஷனைப் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே, ஆனைக்குட்டம் பக்கத்து வெயிலில், ஓட்டுக்கூரையும் இரண்டு வேப்பமரமுமாக நின்ற சின்ன ஸ்டேஷன். மீட்டர் கேஜ் காலத்தில் பாசஞ்சர் வண்டி நிற்கும். நான் நர்ஸிங் படிக்க அதில்தான் விருதுநகர் போய் மதுரைக்கு மாறுவேன். யாராவது தூரத்தில் ஓடிவந்தால் வண்டியின் கார்டு பார்த்துக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த வண்டிக்கு யாரும் பயந்ததில்லை. ஆடுகூட நிதானமாகத்தான் எழுந்து விலகும்.

அந்த ஸ்டேஷனைக் கொன்றது ரயில்வே என்று சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டாசுக் கம்பெனிகள் விடியுமுன்னே வண்டி அனுப்ப ஆரம்பித்தன. வீட்டு வாசலில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கலாம். பிறகு யார் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள்? முதலில் டீக்கடை போயிற்று. அப்புறம் டிக்கெட் கொடுக்கிறவர் போனார். மழையில் ஓடு சரிந்தது, யாரும் எடுத்து வைக்கவில்லை. அகலப்பாதை போட்டபோது எங்கள் ஊர் நிறுத்தத்தையே எடுத்துவிட்டார்கள். புதுத் தண்டவாளத்தில் வண்டிகள் எங்கள் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தன.

பழைய கட்டடத்தை இடித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் கல்சுவரைப் பார்த்தார். இடிப்பதைவிடக் குடியேற்றுவது லாபம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெயிட்டிங் ஹாலைத் தடுத்து ஒரு குடும்பத்துக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் அறையையும் டிக்கெட் அறையையும் சேர்த்து என் தம்பி குடும்பத்துக்கும் வாடகைக்கு விட்டார். ரயில்வேயில் யாரோ வந்து கத்தினார்களாம். கடைசியில் ஓர் ஏற்பாடு: தண்டவாளம் பக்கம் ஒருத்தரும் இறங்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் கதவுகளையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். அடைத்தார்கள். ரேஷன் கார்டில் அந்த முகவரியைப் போட மாட்டோம் என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு வீடே கிடையாதாம்.

"கல்லுக் கட்டடம்க்கா, நம்ம ஊர்ல எவன் வீட்லயும் இம்புட்டு ஒசரம் கெடையாது. நீயும் ஸ்டேஷன், நானும் ஸ்டேஷன்" என்று முருகேசன் போனில் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். எத்தனை வாசல் என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

4

போன வருடம் லீவில் ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

தம்பியின் மனைவி பாண்டியம்மா வாசலில் நின்று, "வாங்க மதினி, பயணமெல்லாம் நல்லாருந்துச்சா? வெயில்ல கறுத்துப் போயிருக்கீக" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கிலாந்தில் இருந்து வந்தவளை வெயிலில் கறுத்தவள் என்று சொல்ல அவளால்தான் முடியும். மூன்று வயது மலர் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

உள்ளே போனதும் என் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. ஊர்ப்பக்கம் ஒரு வாசல், அதற்கு இரும்புக் கதவு. வாசலை ஒட்டி அடுப்பு, புகை வெளியே போக அதுதான் வசதி என்று. தண்டவாளப் பக்கம் இரண்டு கதவு இருந்த இடத்தில் பூசாத செங்கல். உள் அறையில் பழைய டிக்கெட் கவுண்டர், கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து, கம்பி போட்டது. வேறு வழியே இல்லை. அடுப்பில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தேன். ஓட முடியாது.

அப்புறம் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சாக்கு விரித்து, அதன்மேல் பின்னின சரவெடியும் பின்னாத வெடிகளும் குவியலாகக் கிடந்தன. தீபாவளி சீசன் ஆர்டர். கம்பெனியில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மிச்சத்தை ஏஜெண்ட் மூலம் வீட்டுக்கு வாங்கிவந்து பின்னுகிறார்கள். சட்டப்படி கூடாது. எங்கள் பக்கத்தில் பாதித் தெரு அதைத்தான் செய்கிறது.

நான் கத்திவிட்டேன். நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் வரவில்லை. "ஒனக்கு அறிவிருக்கால? பிள்ளைய வச்சுக்கிட்டு! கம்பெனி ரூமுக்கு ரெண்டு பக்கம் தெறப்பு, நீ பூட்டின பொட்டிக்குள்ள வச்சுப் பின்னுற!"

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு, "ஊருக்கே இதுதான்க்கா பொளப்பு. நீ வேற ஊர்ல இருக்க" என்றான். நிஜம்தான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"சரி, வேலைய விட மாட்ட. பின்பக்கச் செங்கலையாவது ஒடைச்சு ஒரு கதவு போடு."

அதுவரை சும்மா இருந்த பாண்டியம்மா அப்போதுதான் பேசினாள். "அது மட்டும் வேண்டாம் மதினி."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு வண்டி வந்தது. தட்டில் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது. சுவரில் மாட்டிய சாமி படங்கள் ஆடின. செங்கலுக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் எட்டுகிற மாதிரி, வண்டி அப்படியே இரைந்துகொண்டு போயிற்று. நான் என்னை அறியாமல் மலரை இழுத்துத் தூக்கிக்கொண்டேன்.

சத்தம் அடங்கினதும் பாண்டியம்மா சொன்னாள்: "நாங்க குடிவந்த புதுசுல பின்கதவு அடைக்கல. இவ தவந்து போயி தண்டவாளத்துக் கல்லுமேல உக்காந்து வெளையாடிக்கிட்டிருந்தா. நான் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன். நல்லவேள, வண்டி இல்ல. ஒங்களுக்கு வெடிக்குப் பயம் மதினி. எனக்கு ரயிலுக்குப் பயம். வெடி எங்க கைக்குள்ள இருக்கு, பதனமா இருந்துக்கிடுவோம். ரயிலு யாரு கைக்குள்ள இருக்கு, சொல்லுங்க?"

அவள் பயம் பொய்யில்லை. என் பயமும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

கிளம்புகிற அன்று டிக்கெட் அறையைக் காட்டி, "அப்ப இந்தப் பொந்தப் பெருசாக்கு. இது ஊர்ப்பக்கந்தான பாக்குது. ஆள் போற அளவு ஒரு வாசல் வை. வேற ஒண்ணும் கேக்கல ஒங்கிட்ட" என்றேன்.

"பாப்பம்க்கா" என்றான். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

5

ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணினேன். இங்கே ஈழத் தமிழர் ஒருவர் நடத்துகிற கடையில் ஊருக்குப் பேசுகிற போன் கார்டு விற்பார்கள். அவர் என்னைப் பார்த்ததுமே கார்டை எடுத்துவைத்துவிடுவார். போனில் நலம் விசாரித்து முடித்ததும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வாசல் வச்சாச்சா? முருகேசன் ஒருநாள், "ஒன்னய விட ரயில்வேக்காரனே தேவலக்கா" என்று அலுத்துக்கொண்டான். மழைக்காலம் முடியட்டும், கொத்தனார் கிடைக்கட்டும், வீட்டுக்காரர் சம்மதிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான்.

தினமும் கணினியில் தமிழ்ச் செய்தி பார்ப்பேன். சிவகாசி என்ற சொல் கண்ணில் பட்டால் முதலில் ஊர்ப்பெயரைத் தேடுவேன். எங்கள் ஊரில்லை என்று தெரிந்தால் நிம்மதி. அடுத்த நிமிடமே, யாரோ ஒருவருடைய ஊர் என்று நினைத்து வெட்கம். யாழினியிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. அவளுக்குத் தீபாவளி என்றால் தேவாலயத்துக்குப் பக்கத்து ஹாலில் தமிழ்ச்சங்கம் போடுகிற சாப்பாடு. பட்டாசு என்றால் நவம்பரில் நகராட்சிப் பூங்காவில் தூரத்தில் நின்று பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது, என் அம்மா பட்டாசு ஊரில் பிறந்தும் பட்டாசு பிடிக்காதவர் என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்.

6

அந்தச் சனிக்கிழமை மார்கரெட் குழவியை என் கையில் கொடுத்தபோது, இனிமேல் கதவைத் திறந்துவைக்க மாட்டேன் என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். குழவியைச் சமையலறையில் அம்மிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். யாழினி வந்து கட்டிக்கொண்டாள். ராத்திரி அந்தக் கதவு ஒவ்வொரு தடவை மூடும்போதும் என் நெஞ்சில் மூடின மாதிரி இருந்தது, ஆனால் எழுந்து போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் போன் போட்டேன்.

முருகேசன் ஹலோகூடச் சொல்லவில்லை. "அக்கா, நீ செயிச்சுட்ட! வாசல் வச்சாச்சு!" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட் கவுண்டரை இடித்து, ஆள் குனியாமல் போகிற அளவுக்கு வாசல் வைத்து, மரக்கதவும் போட்டிருக்கிறான். ஊர்ப்பக்கம், தண்டவாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம். பாண்டியம்மாவும் ஒத்துக்கொண்டாளாம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே யாழினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கைதட்டினாள். கணவர் அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டு வந்து நின்றார்.

"மலர் பேசணும்ங்கா, பேசு" என்று முருகேசன் போனைக் கொடுத்தான்.

"அத்தே, எந்த ஊருக்கு டிக்கெட் வேணும்?" என்றது பிள்ளை.

"எனக்கு டிக்கெட் குடுப்பியா? எங்கன இருக்க நீ?"

"டிக்கெட் ரூம்ல. புது வாசல்ல."

"அங்கன நின்னா தெருவு தெரியுதா?"

"தெரியல. பெட்டி இருக்குல்ல. நான் பெட்டி மேல ஒக்காந்திருக்கேன்."

"எந்தப் பெட்டி? ஏட்டி மலரு, எந்தப் பெட்டி?"

பாண்டியம்மா போனை வாங்கினாள். "தீபாவளி வரைக்குந்தான் மதினி. ஏஜெண்ட் அண்ணாச்சி வந்து பாத்தாக. ரெண்டு வாசல் இருக்கு, காத்தோட்டமா இருக்கு, இனிமே பயமில்லன்னு சொல்லி இன்னுங்கொஞ்சம் வெடிச் சரக்கு எறக்கிட்டுப் போயிருக்காக. மழையில நனையக் கூடாதுல்ல, அதான் உள்ள அறையில அந்தப் புது வாசல அடைச்சு அடுக்கிருக்கோம். அந்த வாசலு இப்பம் சும்மாதான இருக்கு. எல்லாம் நீங்க சொன்னதாலதான் மதினி, நல்ல வேல கெடைச்சுச்சு."

செங்கலுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிற இரைச்சல் போனில் கேட்க ஆரம்பித்தது. நான் கத்தினேன்: "பாண்டியம்மா, பிள்ளைய எறக்கு! மொதல்ல பிள்ளைய அங்கருந்து எறக்கு!" வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன மதினி? என்ன சொல்றீக?" என்றாள். அதோடு கார்டில் காசு தீர்ந்து போன் அறுந்துபோயிற்று.

கணவர் என்னவென்று கேட்டார். சொல்ல வரவில்லை. அவரைத் தாண்டி, செருப்பைத் தேடாமல், படியில் இறங்கினேன். அந்தக் கனத்த கதவு எனக்குப் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது. தெருமுனைக் கடை திறந்திருக்க வேண்டும், கார்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தூறலில் ஓடினேன். அந்த வாசலை ஒரு வருடமாகக் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டு வாங்கினவள் நான்தான்.